நடுவில் வழுக்கை விழுந்த க்ரீப்பிங் ஃபிளாக்ஸ்

தரையோடு படர்ந்து பூக்கிற என் க்ரீப்பிங் ஃபிளாக்ஸ் செடி முதல் இரண்டு வசந்தமும் ஒரு குறையும் வைக்கவில்லை. பாறைகளுக்கு நடுவே வைத்த மூன்று செடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, இலையே தெரியாத அளவுக்கு இளஞ்சிவப்புப் பாயாக விரிந்தன. உயரம் ஒரு சாண்கூட இருக்காது. கிட்டக் குனிந்து பார்த்தால் ஒவ்வொரு பூவுக்கும் ஐந்து இதழ், இதழ் நுனியில் சின்ன வெட்டு, நடுவே கருஞ்சிவப்பு வளையம். அவ்வளவு நுணுக்கம்!

மூன்றாம் வருஷம் பூ முடிந்ததும் பார்க்கிறேன், பாயின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு. தொட்டால் காய்ந்த குச்சிதான் கையோடு வந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தினமும் ஊற்றினேன், மேலே கம்போஸ்ட்டும் போட்டேன். பழுப்பு இன்னும் பரவியது.

அப்புறம் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அடிமண் சொதசொதவென்று கிடந்தது, தண்டில் அழுகல் வாடை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பாறைச் சரிவுகளிலும் மணற்பாங்கான இடங்களிலும் தானாக வளர்கிற செடி இது. ஈரம் தேங்கினால் தாங்காது. நல்ல வெயிலும் தண்ணீர் வடிகிற மண்ணும்தான் அதற்கு வேண்டும்.

அதே ஓரத்தில்தான் வழியும் கிடைத்தது. மண்ணில் படிந்திருந்த தண்டின் கணுக்களில் வெள்ளை நூல் மாதிரி புது வேர்கள். அந்தத் தண்டுகளை வேரோடு நறுக்கி எடுத்தேன். செத்த நடுப்பகுதியைக் களைந்துவிட்டு, மண்ணில் பொடி ஜல்லியைத் தாராளமாகக் கலந்து, அங்கேயே நட்டேன். வேர் பிடிக்கும்வரை மட்டும் அளவாகத் தண்ணீர். உரம் எதுவும் இல்லை. அடுத்த வசந்தத்துக்குள் பாதி வழுக்கை மூடிவிட்டது.

கத்தரிப்பதும் முக்கியம். பூ உதிர்ந்த கையோடு பாதியளவு வெட்டிவிடுகிறேன், செடி அடர்த்தியாகத் தழைக்கிறது. இலையுதிர் காலம்வரை தள்ளிப்போட்டால் அடுத்த வருஷ மொட்டையும் சேர்த்து வெட்டியதாகிவிடும். ஃபிளாக்ஸ் சுபுலாட்டா என்ற தாவரவியல் பெயரில் சுபுலாட்டா என்பது, தோல் தைக்கிற குத்தூசிக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இலை நுனி அப்படித்தான் இருக்கும். களை பிடுங்கும்போது விரலில் சுருக்கென்று படும், அதனால் நான் கையுறை போட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் ஓரத்திலிருந்து இன்னும் ஆறு தண்டு எடுத்துத் தொட்டியில் வைத்தேன். நாலில் துளிர் தெரிகிறது.