பின்பலகை ஊறின ஃபைபர் வள்ளம்: மேலே மேட் ஒட்டுறதா, தோண்டி எடுக்குறதா?

வடகடல்_தம்பி
24 அடி ஃபைபர் வள்ளம், 15 வருசம் ஓடினது. 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டை இறக்கிட்டு அதே திறன்ல ஃபோர் ஸ்ட்ரோக் மாட்டணும். எஞ்சினைப் பிடிச்சு ஆட்டினா அதை மாட்டியிருக்கிற பின்பலகையும் சேர்ந்து அசையுது, போல்ட் ஓட்டையில பழுப்புத் தண்ணி கசியுது. வெளியே ரெண்டு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டினா போதுமா, ஃபைபர் தோலுக்குள்ள இருக்கிற மரப்பலகையை மாத்தணுமா?

மண்டபம்_ஃபைபர்
பழுப்புத் தண்ணி வந்தா உள்ளே மரம் கரையுதுன்னு அர்த்தம். எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பாருங்க. உள்பக்கத்துலேர்ந்து 6 மி.மீ. பிட்டால மேலே, நடுவே, அடியிலே ரெண்டு ரெண்டு துளை போடுங்க, வெளித்தோலைத் தொட வேண்டாம். சீவல் வெளுப்பா, காய்ஞ்சு வந்தா பலகை நல்லாருக்கு. காப்பித்தூள் மாதிரி ஈரமா வந்தா முடிஞ்சுது. அதுக்கு மேலே மேட் போட்டா ரெண்டு தோலுக்கு நடுவுல புட்டுதான் இருக்கும்.

மூக்கையூர்_கரை
அண்ணே, நீங்க பட்டறைக் கணக்கு சொல்றீங்க. விசைப்படகு ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடையில நிக்குது, அவங்க ஆற அமர வேலை பார்க்கலாம். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது, கரையில கிடக்குற ஒவ்வொரு நாளும் தொழில் நட்டம். துளை போட்டு ரெசினை ஊத்தி, உள்ளேயும் வெளியேயும் அலுமினியத் தகடு வெச்சு ஸ்டெயின்லெஸ் போல்ட்டால இறுக்கினா ரெண்டே நாள் வேலை.

மண்டபம்_ஃபைபர்
நட்டம் உண்மைதான், ஆனா அந்த வழி நிக்காது. ஈர மரத்துக்குள்ள பாலியெஸ்டர் ரெசின் இறங்காது, இறங்கின இடத்துலயும் ஒழுங்கா இறுகாது. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் உப்புத் தண்ணியில ஒட்டிக்கிட்டு இருந்தா அலுமினியம்தான் அரிக்கும், போல்ட்டைச் சுத்தி வெள்ளைப் பொடி தட்டும். தகடு மூடியிருக்கிறதால அது கண்ணுக்கும் தெரியாது.

இன்னொண்ணு. பலகையை அழுக வைக்கிறது பெரும்பாலும் மழைத்தண்ணி, கடல்தண்ணி இல்லை. அழுகல் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில வள்ளத்தை அணியம் (முன்பக்கம்) தூக்கலா ஏத்திப் போடுறோம், மழை முழுக்க அமரத்துல (பின்பக்கத்துல) தேங்குது. தண்ணி வடிய விடுற அடைப்பான் ஓட்டையில பூச்சு இல்லைன்னா பலகை அங்கேயே குடிக்கும்.

மூக்கையூர்_கரை
சரி, தோண்டணும்னா எப்படி? வெளித்தோலை அறுத்தா வடிவம் போயிடும்ல?

மண்டபம்_ஃபைபர்
வெளித்தோலைத் தொடாதீங்க, அதுதான் அச்சு. உள்தோலை ஓரத்துல 3 அங்குலம் விட்டு அறுத்து எடுங்க. அழுகினதை உளியால சுத்தமாச் சுரண்டி, நல்ல வெயில்ல ஒரு வாரம் காயவிடுங்க. இந்த ஒரு வாரத்துலதான் ஆளுங்க அவசரப்படுறாங்க. அப்புறம் 36ம் நம்பர் உப்புத்தாளால தேய்ச்சு அசிட்டோன்ல துடைங்க.

ஐஎஸ் 710 மரைன் பிளைவுட் 18 மி.மீ. ரெண்டு. ஓரம் எல்லாத்துக்கும் ரெசின் குடிக்கக் குடிக்கப் பூசணும். ஒவ்வொரு பலகைக்கும் அடியில ரெசின்ல நனைச்ச ஒரு மேட் வெச்சு கிளாம்ப்ல இறுக்கினா காத்து நிக்காது. மூடுறதுக்கு 450 கிராம் மேட், 610 கிராம் ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி), மேட், ரோவிங், மேட். மேட் எடைக்கு ரெண்டரை மடங்கு ரெசின், ரோவிங்குக்குச் சமஎடை. சதுர மீட்டருக்குக் கணக்கு 4.6 கிலோ வரும், சிந்துறதோட சேர்த்து ஐந்தரை வாங்குங்க. மேட் ஓரம் பக்கச் சுவர்ல ஒரு சாண் ஏறணும், இல்லைன்னா மூலையில கிழியும்.

கிலோ ரெசினுக்கு 10 மில்லி கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கிற திரவம்). உச்சி வெயில்ல கைக்குள்ளேயே கட்டியாயிடுதுன்னு அதையும் குறைச்சா அரைவேக்காடுதான். அளவைக் குறைக்காதீங்க, விடியக்காலையில வேலையை முடிங்க. ரெசின்ல கோபால்ட் (இறுகுறதை வேகப்படுத்துற மருந்து) கலக்காம வந்திருந்தா கோபால்ட்டை முதல்ல நல்லாக் கலக்கிட்டு அப்புறம்தான் கேட்டலிஸ்ட். ரெண்டையும் நேரா ஒண்ணுல ஒண்ணு ஊத்தினா தீப்பிடிக்கும், வெடிக்கும்.

ஏர்வாடி_எஞ்சின்
எஞ்சின் பக்கம் யாரும் பேசலையே. அதே திறனுக்கு ஃபோர் ஸ்ட்ரோக் பொதுவா கனம் கூடுதல், அமரம் இன்னும் தாழும். வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு அளவு எடுங்க. ஒண்ணு, பலகை கனம்: ரெண்டு பலகையும் தோலும் சேர்ந்து 45 மி.மீ. தாண்டலாம், எஞ்சின் கிளாம்ப் அவ்வளவு விரியுமா? ரெண்டு, உயரம்: ஷாஃப்ட் 15 அங்குலமா 20 அங்குலமா? புரொபெல்லருக்கு மேலே இருக்கிற தட்டு வள்ளத்தோட அடிக்குச் சமமா, இல்லைன்னா ஒரு அங்குலம் கீழே நிக்கணும். வடகடல்ல (பாக் விரிகுடாவுல) தரை தட்டுதுன்னு அதுக்கும் மேலே தூக்கிக் கட்டினா அலையில காத்து இழுத்து எஞ்சின் வீணாக் கத்தும்.

மூக்கையூர்_கரை
பலகைக் கதையை ஒத்துக்கிறேன். ஆனா 15 வருச வள்ளத்துக்கு ஏராவை, அதாவது அடியில நெடுக ஓடுற முதுகெலும்பைப் பார்க்காம இதுல காசு போடாதீங்கன்னுதான் இப்பவும் சொல்வேன். கவுத்துப் போட்டு சின்னச் சுத்தியலால தட்டிக்கிட்டே போங்க. டக்குன்னு கேட்கணும். பொத்துன்னு கேட்டா தோல் பிரிஞ்சிருக்கு. ஏரா நெடுக அப்படின்னா புது எஞ்சினை வேற வள்ளத்துக்கு வைங்க.

மண்டபம்_ஃபைபர்
அதுல எனக்கும் மறுப்பில்லை. ஏரா தேறினா கடைசி வேலை போல்ட் ஓட்டை. 10 மி.மீ. போல்ட்டுக்கு 16ல துளை போட்டு, பொடி கலந்த எப்பாக்ஸியால அடைச்சு, இறுகினதும் நடுவுல 10 போடுங்க. மரம் எங்கேயும் வெளியே தெரியக் கூடாது. அடைப்பான் ஓட்டைக்கும் இதேதான். எப்பாக்ஸி மேலே பாலியெஸ்டர் மேட் சரியா ஒட்டாது, அதனால மேட் வேலை எல்லாம் முடிஞ்ச பிறகுதான் இதைத் தொடணும்.

வடகடல்_தம்பி
துளை போட்டாச்சு. நடுவுலயும் அடியிலயும் போட்ட நாலும் காப்பித்தூள், மேலே ரெண்டும் வெளுப்பு. நாளைக்கு வள்ளத்தைக் கவுத்துறோம்.