ஓ2 ஆப்டிமைசேஷன் போட்டா மட்டும் இன்லைன் அசெம்ப்ளி (கோடுக்குள்ளயே எழுதுற அசெம்ப்ளி) தப்பா ஓடுது, யாராச்சும் பாருங்க

வணக்கம்ணா, நான் காட்பாடி. ராணிப்பேட்டையில ஒரு தோல் ஷெட்டுக்கு டிரம் எத்தன சுத்து சுத்துதுன்னு எண்ற போர்டு பண்றேன், கார்டெக்ஸ் எம்3 சிப், ஜிசிசி கம்பைலர். ஆப்டிமைசேஷன் இல்லாத ஓ0-ல ஒழுங்கா ஓடுது, ஓ2 போட்டா எண்ணிக்கை தாறுமாறா போவுது. மொதல்ல இன்டரப்ட்ட நிறுத்துற வரியில வாலடைல் (இந்த அசெம்ப்ளிய தூக்கிடாதன்னு கம்பைலருக்கு சொல்றது) மட்டும்தான் போட்டிருந்தேன், சாதாரண வேரியபிள படிக்கிறத கம்பைலர் அந்த வரிக்கு அந்தாண்ட நகர்த்துறத அது தடுக்காதுன்னு டிஸ்அசெம்ப்ளி பாத்த அப்புறம்தான் புரிஞ்சுது, மெமரி கிளாபர் (இந்த அசெம்ப்ளி மெமரிய படிக்கலாம், மாத்தலாம்னு கம்பைலருக்கு சொல்றது) சேத்தேன், அது சரியாச்சு.

இப்போ மாட்டிக்கினு இருக்கறது வேற எடம். ஒரே அசெம்ப்ளி பிளாக்ல ரெண்டு எல்டிஆர் (மெமரியில இருந்து ரிஜிஸ்டருக்கு எடுக்குற இன்ஸ்ட்ரக்ஷன்), அட்ரஸ் ஒரு இன்புட், அவுட்புட் ரெண்டு. மொத எல்டிஆர் முடிஞ்சதுமே அட்ரஸ் அழிஞ்சு போவுது, ஏன்னா மொத அவுட்புட்டுக்கும் கம்பைலர் அட்ரஸ் இருக்கற அதே ஆர்3 ரிஜிஸ்டர குடுத்திருக்கு. அந்த அவுட்புட்ல ஆம்பர்சண்ட் போட்டு எர்லி கிளாபர்னு (இன்புட்ட படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடியே இதுல எழுதிடுவோம்னு) சொன்னா போதுமா?

இன்னொண்ணு, இங்கயும் மெமரி கிளாபர் போட்டா லூப்ல மத்த வேல்யூ எல்லாம் திரும்பத் திரும்ப மெமரியில இருந்து எடுக்குது. வெறும் பாயின்டர் குடுத்தா அது காட்டுற எடத்தையும் நாம படிக்கிறோம்னு கம்பைலருக்கு தெரியாதாமே, அப்போ அந்த அர்ரே முழுசையும் எம் கன்ஸ்ட்ரெய்ன்ட்ல (இது மெமரியில இருக்கற ஆப்பரண்ட்னு சொல்ற குறி) இன்புட்டா குடுத்தா சேஃப்பா? இந்த கணக்க நம்பித்தான் ஷெட்ல தோல எப்போ எறக்குறதுன்னு பாக்கப் போறாங்க, தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்கண்ணா.