புதுப்பிப்பு: 1938 ஸ்பீட் ட்வினுக்கு உரிய கார்புரேட்டர் கிடைத்துவிட்டது

எனது 1938 ட்ரையம்ப் ஸ்பீட் ட்வின் மோட்டார் சைக்கிளில், 1955-இல்தான் அறிமுகமான அமால் மோனோபிளாக் கார்புரேட்டரை (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) யாரோ பொருத்தியிருந்ததையும், இன்ஜின் சூடேறியதும் நின்றுவிடுவதையும் முன்பு எழுதியிருந்தேன். பெட்ரோலைத் தேக்கும் மிதவைக் கிண்ணம் தனியாக அமைந்த, அக்காலத்துக்குரிய அமால் கார்புரேட்டர் இப்போது கிடைத்துவிட்டது. அதன் உட்துளை தேய்ந்திருந்ததால், துளையைச் சீராக்கி, உள்ளே செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் ஸ்லைடை அதற்கேற்ற அளவில் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. மோனோபிளாக்கையே வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் அன்போடு சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆனால் இன்ஜின் நின்றதற்குக் காரணம் கார்புரேட்டர் அன்று. தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் மேக்னட்டோவில், அதன் சுழலும் பாகமான ஆர்மேச்சருக்குள் இருந்த பழைய கண்டென்சர் சூட்டில் மின்கசிவு கண்டு, தீப்பொறியை வலுவிழக்கச் செய்திருந்தது. குளிர்ந்த நிலையில் ஒரே உதையில் கிளம்பிய வண்டி, சிறிது தூரம் ஓடியபின் அடங்கிப்போனது இதனால்தான். புதிய கண்டென்சரை உள்ளேயே அமைத்ததால் வெளித்தோற்றம் சிறிதும் மாறவில்லை.

நான் மிகவும் அஞ்சியது சிலிண்டரின் அடிவிளிம்பைப் பற்றித்தான். சிலிண்டரை இன்ஜினின் அடிப்பகுதியோடு பிணைக்கும் ஸ்டட்கள் (மரையுள்ள தண்டுகள்), அடுத்த ஆண்டு எட்டாக உயர்த்தப்பட்டாலும், இதில் ஆறுதான் என்பதால் அவ்விளிம்பில் விரிசல் விழ வாய்ப்புண்டு. சாயம் ஊடுருவும் சோதனையில் விரிசல் எதுவும் தென்படாதது பெரிய நிம்மதி. நட்டுகளைக் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாகவே இறுக்கினேன். இனி முன்சக்கரத்தைத் தாங்கும் கர்டர் ஃபோர்க்கின் புஷ்களும் (அசையும் மூட்டுகளில் உள்ள உருளை வளையங்கள்), அமரந்த் சிவப்பு வண்ணமும் மீதமுள்ளன.