ஆலமரத்தோட்டம் குடும்பக் குழு: காதுகுத்தும் பலூனும்

யாழினி அக்கா, மாலை 6:40
30-ஆம் தேதி ஞாயிறு பாப்பாவுக்குக் காதுகுத்து. கரட்டுக் கோயிலில்தான். காலை 7:30 முதல் 9 வரை நேரம். எல்லோரும் சனிக்கிழமை இரவே வந்துவிடுங்கள்.

செல்வி அத்தை, 6:42
சந்தோஷம் கண்ணு 🙏

ராஜு மாமா, 6:43
கிடா உண்டா?

யாழினி அக்கா, 6:43
உண்டு மாமா.

ராஜு மாமா, 6:43
வெள்ளிக்கிழமையே வருகிறேன்.

பிரபு அண்ணன், 6:45
நான் விடுப்பு சொல்லிவிட்டேன்.

செல்வி அத்தை, 6:46
தாய்மாமன் வராமல் எப்படி. உன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். சீர்த் தட்டு எத்தனை?

கதிர், 6:58
அக்கா, 30-ஆம் தேதியா?

கதிர், 6:58
அன்றைக்குக் காலையில்தான் எங்கள் கல்லூரி வானிலை ஆய்வு பலூன்.

ராஜு மாமா, 6:59
மறுபடியுமா?

செல்வி அத்தை, 7:00
போன தடவை போனது இன்னும் வரவில்லையே கண்ணு.

அம்மா, 7:01
தேதியை மாற்ற முடியாதா கதிர்?

கதிர், 7:09
முடியாதம்மா. விமானப் போக்குவரத்து அனுமதி அந்த ஒரு நாளுக்குத்தான் வந்திருக்கிறது, காலை 6 முதல் 9 வரை. கல்லூரி மூலம் எழுதிக் கேட்டு மூன்று மாதம் காத்திருந்து வாங்கியது. பெரம்பலூரில் 6:30-க்குப் பறக்கவிடுகிறோம். நொடிக்கு 5 மீட்டர் ஏறும். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் 30 கிலோமீட்டர் உயரம் தொடும். அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான், அதனால் பலூன் ஊதிக்கொண்டே போய் வெடிக்கும். அப்புறம் பாராசூட்டில் இறங்கும். 8:45, 9 மணிக்குத் தரையில்.

ராஜு மாமா, 7:10
சரியாகக் காது குத்தும் நேரம்.

பிரபு அண்ணன், 7:11
கதிர், நான் கார் ஓட்டுவதாகச் சொன்னது அந்த நாளா?

கதிர், 7:11
ஆமாம் அண்ணா.

யாழினி அக்கா, 7:12
பிரபு, நீ எங்கேயும் போகக் கூடாது.

பிரபு அண்ணன், 7:12
போகவில்லை அக்கா.

செல்வி அத்தை, 7:14
கதிர், நான் தைத்துக் கொடுத்த பாராசூட் குடைத்துணி சரியாக இருக்கிறதா?

கதிர், 7:16
அருமையாக இருக்கிறது அத்தை. மொட்டை மாடியிலிருந்து போட்டுப் பார்த்தோம், நேராக இறங்கியது. எடை 30 கிராம். நகைக்கடைத் தராசில் எல்லாவற்றையும் நிறுத்தேன். நான் செய்த போர்டு, ஜிபிஎஸ், ரேடியோ, ஆன்டெனாக் கம்பி எல்லாம் சேர்த்து 12 கிராம்.

செல்வி அத்தை, 7:17
ஒன்றரைப் பவுன்!

கதிர், 7:18
அதேதான் அத்தை. பேட்டரி தனியாக 15 கிராம். பென்சில் பேட்டரி அளவுதான், ஆனால் லித்தியம். சாதாரணமானது 23 கிராம் வரும், குளிரில் செத்தும் போகும். இது மைனஸ் 40 வரை தாங்கும். நம் ஊருக்கு மேலே 16, 17 கிலோமீட்டரில் மைனஸ் 75-க்கும் கீழே போகும், அதனால் தெர்மகோல் பெட்டிக்குள் வைக்கிறேன்.

அம்மா, 7:19
அதற்காகத்தான் இட்லி மாவை வெளியே எடுத்துவைத்துவிட்டு ஃப்ரீசரில் அதை வைத்தான். மாவு புளித்துவிட்டது.

கதிர், 7:20
ஐந்து மணி நேரம் ஓடியதம்மா. ஒரு தகவல்கூடத் தவறவில்லை.

அம்மா, 7:20
தெரியும். நானும்தானே பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன்.

ராஜு மாமா, 7:24
*பலமுறை பகிரப்பட்டது*
வயலில் விழுந்த மர்மப் பொருள்!! வயர், ஆன்டெனா இருந்ததால் பொதுமக்கள் அச்சம்!! அனைவருக்கும் பகிரவும்!!

யாழினி அக்கா, 7:25
மாமா, இது எந்த ஊர்?

ராஜு மாமா, 7:25
தெரியவில்லை. வந்தது, போட்டேன்.

கதிர், 7:31
மாமா, படத்தில் இருப்பது வானிலைத் துறையின் பலூன் கருவி மாதிரி இருக்கிறது. மீனம்பாக்கத்தில் தினமும் காலை 5:30-க்கும் மாலை 5:30-க்கும் விடுகிற வகை. உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடுகிறார்கள், அதை வைத்துத்தான் மழை சொல்கிறார்கள். தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் வயலில் கிடந்தால் பயப்படத்தான் செய்வார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பெட்டியில் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுகிறோம்.

தங்கவேல் பெரியப்பா, 7:38
என்ன எழுதப் போகிறாய்?

கதிர், 7:40
"ஆபத்தில்லாத வானிலை ஆய்வுக் கருவி. கண்டெடுத்தால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று, பெரியப்பா.

தங்கவேல் பெரியப்பா, 7:43
போதாது. மாணவர்கள் செய்தது என்று முதல் வரியில் எழுது. அதைப் படித்தால்தான் மனசு இளகும். கல்லூரி பெயரும் போடு. காவல் நிலையத்துக்கும் விஏஓவுக்கும் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடு.

கதிர், 7:44
கண்டிப்பாக பெரியப்பா. இன்றைக்கே மாற்றுகிறேன்.

பிரபு அண்ணன், 7:46
அப்பா, இது எங்கே வந்து விழும் என்று கேளுங்கள்.

தங்கவேல் பெரியப்பா, 7:46
எங்கே விழும்?

கதிர், 7:58
அதைத்தான் சொல்ல வந்தேன். இப்போது தென்மேற்குப் பருவக்காற்று. தரையிலிருந்து 6, 7 கிலோமீட்டர் வரை மேற்கிலிருந்து அடிக்கும், பலூன் கொஞ்சம் கிழக்கே நகரும். அதற்கு மேலே போனால் காற்று அப்படியே திரும்பிவிடும். 12 முதல் 17 கிலோமீட்டர் வரை கிழக்கிலிருந்து மேற்கே வேகமாக ஓடும். அதற்குக் கீழைத் தாரைக்காற்று என்று பெயர். 1950-களில் அதைக் கண்டு சொன்னவர் கோட்டேஸ்வரம், நம் நாட்டு வானிலை விஞ்ஞானி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நம் தலைக்கு மேலேயே ஓடுகிற ஆறு அது. நொடிக்கு 30 மீட்டருக்கு மேலேயும் போகும். அதில் ஏறினால் பச்சைமலை, துறையூர், கொல்லிமலை எல்லாம் தாண்டி மேற்கே வரும். கணக்குப் போட்டால் 70, 80 கிலோமீட்டர்.

ராஜு மாமா, 7:59
அது நம் ஊர் ஆயிற்றே!

கதிர், 8:00
ஆமாம் மாமா. சேந்தமங்கலம் சுற்றுவட்டாரம். காற்று குறைந்தால் கொல்லிமலை மேலேயே விழலாம்.

பிரபு அண்ணன், 8:01
70 கொண்டை ஊசி வளைவு. காதுகுத்து முடித்துவிட்டுப் போகலாம்.

யாழினி அக்கா, 8:01
சாப்பிட்டுவிட்டு.

செல்வி அத்தை, 8:03
யாழினி, மாவிளக்குக்கு மாவு நான் இடித்து எடுத்து வருகிறேன். கடையில் வாங்காதே.

யாழினி அக்கா, 8:03
சரி அத்தை.

அப்பத்தா, 8:06
*குரல் பதிவு, 0:48*

யாழினி அக்கா, 8:09
அப்பத்தா சொல்வது: ஆடு மேய்க்கிறவர்களிடம் சொல்லிவைத்தால் போலீஸைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்களாம். என்ன நிறம் என்று கேட்கிறார்.

கதிர், 8:10
பாராசூட் ஆரஞ்சு, அப்பத்தா. பெட்டி வெள்ளை, கையளவு.

ராஜு மாமா, 8:12
போன தடவை ஏன் கிடைக்கவில்லை? செல்வி கொடுத்த ஏழாயிரம் அதில்தான் பறந்தது.

செல்வி அத்தை, 8:12
நான் கேட்டேனா? நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?

கதிர், 8:21
கேட்கட்டும் அத்தை, சொல்ல வேண்டியதுதான். ஜிபிஎஸ் சில்லு சாதாரணமாக 12 கிலோமீட்டருக்கு மேலே வேலை செய்யாது. தரையில் நடக்கிறவருக்காக வைத்த கணக்கு அது. பறக்கிற பொருளுக்கு என்று தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது, அதற்கு மாற்றினால் 50 கிலோமீட்டர் வரை காட்டும். நான் மாற்றித்தான் அனுப்பினேன். ஆனால் ஏறும்போது எங்கேயோ ஒரு நொடி மின்சாரம் நின்று வந்திருக்கிறது. சில்லு மறுபடி எழுந்தபோது பழைய அமைப்புக்கே போய்விட்டது. 11,900 என்று ஒரு வரி வந்தது. அப்புறம் அதே எண்ணே வந்துகொண்டிருந்தது, நாற்பது நிமிஷம். பலூன் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, எங்களுக்கு எங்கே என்று தெரியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இப்போது ஒவ்வொரு நிமிஷமும் அந்த அமைப்பைப் புதிதாக அனுப்புகிறேன். "பெற்றுக்கொண்டேன்" என்று சில்லு பதில் சொன்னதா என்பதும் தகவலிலேயே வரும். பேட்டரி கவ்வியை எடுத்துவிட்டுக் கம்பியை நேராகப் பற்றவைத்துவிட்டேன்.

ராஜு மாமா, 8:23
சரிப்பா. நன்றாகச் செய்திருக்கிறாய். இந்தத் தடவை கேஸ் செலவு என்னுடையது.

அம்மா, 8:24
அண்ணா 🙏

கதிர், 8:25
மாமா, ஹீலியம் விலை அதிகம்.

ராஜு மாமா, 8:25
ஹைட்ரஜன் வேண்டாம். விலையைப் பார்க்காதே.

தங்கவேல் பெரியப்பா, 8:28
2021-ல் ராமேஸ்வரத்தில் பள்ளிப் பிள்ளைகள் செய்த நூறு குட்டிச் செயற்கைக்கோளை பலூனில் விட்டார்களே, அது மாதிரியா?

கதிர், 8:30
அதேதான் பெரியப்பா! பிப்ரவரி 7. அப்போது நான் ஒன்பதாவது. டிவியில் பார்த்துவிட்டுத்தான் இந்த ஆசையே வந்தது.

தங்கவேல் பெரியப்பா, 8:31
நானும் பார்த்தேன்.

கதிர், 8:44
பெரியப்பா, ஓர் உதவி வேண்டும். தவறாக நினைக்காதீர்கள்.

எங்கள் ரேடியோ 866 மெகாஹெர்ட்ஸ். உரிமம் தேவையில்லாத அலைவரிசை, சக்தி மிகக் குறைவு. பலூன் மேலே இருக்கும்வரை கவலையில்லை, நடுவில் மறைப்பு எதுவும் இல்லை என்பதால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். இறங்கும்போதுதான் சிக்கல். பெரம்பலூரில் இருக்கிற எங்களுக்கும் உங்கள் ஊருக்கும் நடுவில் பச்சைமலையும் கொல்லிமலையும் நிற்கின்றன. பலூன் இரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழே வந்தாலே எங்களுக்குக் கேட்காது. அங்கிருந்து தரைக்கு வர ஆறேழு நிமிஷம், அதற்குள் காற்று மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளிவிடும். அவ்வளவு காட்டில் கையளவு பெட்டியைத் தேட முடியாது.

மலைக்கு உங்கள் பக்கம், உயரமான இடத்தில் ஒரு ரிசீவர் இருந்தால் மரத்து உயரம் வரைக்கும் கேட்கும். சின்ன டப்பாதான், பவர் பேங்க்கில் ஓடும். திரையில் வருகிற கடைசி வரியைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். பிரபு அண்ணன் காரில் வைத்துக்கொண்டு வருவதாக இருந்தது. இப்போது உங்கள் மொட்டை மாடியைத்தான் நம்பியிருக்கிறேன்.

அம்மா, 8:46
*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

செல்வி அத்தை, 8:52
எல்லோரும் எங்கே போய்விட்டீர்கள்?

யாழினி அக்கா, 8:53
கரட்டுக் கோயில் மண்டபத்தில் வைக்கலாமே கதிர்? எப்படியும் எல்லோரும் அங்கேதான் இருப்போம். மாடியைவிட உயரம்.

கதிர், 8:54
மிகவும் நல்லது அக்கா. ஆனால் மேளம், கூட்டம், பிள்ளை அழுகை. அந்த நேரத்தில் ஒருவர் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே.

பிரபு அண்ணன், 8:55
என் மடியில் பாப்பா இருப்பாள்.

ராஜு மாமா, 8:55
நான் பார்க்கிறேன்.

செல்வி அத்தை, 8:55
நீங்கள் கிடாவைப் பார்ப்பீர்கள்.

தங்கவேல் பெரியப்பா, 9:10
மாடியில் வைத்தால் தென்னை மறைக்கும். கிணற்று மோட்டார் அறைக்கு மேலே இருக்கிற தண்ணீர்த் தொட்டி வீட்டைவிட உயரம். அங்கிருந்து மலை அடிவாரம் முழுக்கத் தெரியும். அங்கே வை.

செல்வி அத்தை, 9:11
அண்ணா, அந்தக் கிணறா?

தங்கவேல் பெரியப்பா, 9:11
அந்தக் கிணறுதான்.

பிரபு அண்ணன், 9:12
தொட்டி சித்தப்பா பங்கில் இல்லையா? பூட்டி ஒன்பது வருஷம்.

யாழினி அக்கா, 9:12
பிரபு!

தங்கவேல் பெரியப்பா, 9:15
மோட்டார் முறைக்கும் பிள்ளை படிப்புக்கும் சம்பந்தம் இல்லை. பூட்டியது நான்தான். ஒரு சாவி அம்மாவிடம் இருக்கிறது. காதுகுத்து நேரம் பெண்ணுக்கு அப்பனாக நான் கோயிலில் இருக்க வேண்டும். தொட்டியில் நிற்க ஆள் வேண்டும், விவரம் தெரிந்த ஆள்.

அம்மா, 9:16
கதிர் அப்பாவுக்குத் தெரியும். ஃப்ரீசர் சோதனை நடந்த அன்றைக்கு அந்த டப்பாவை முழுக்க அவர்தான் பார்த்துக்கொண்டார்.

செல்வி அத்தை, 9:17
தம்பி இருக்கிறாயா?

ராஜு மாமா, 9:19
இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. படித்துவிட்டார்.

அப்பத்தா, 9:22
*குரல் பதிவு, 0:09*

யாழினி அக்கா, 9:23
"சாவி என் சுருக்குப் பையில் இருக்கிறது. வரச் சொல்லு."

கதிர், 9:30
காற்று நிலவரம் சனிக்கிழமை மாலைதான் உறுதியாகத் தெரியும். கணக்கு மாறினால் ராசிபுரம் பக்கம்கூடப் போகலாம். அப்படியானாலும் தொட்டியிலிருந்து கேட்கும்.

அப்பா, 9:41
அண்ணா, தொட்டி மேலே ஏற இரும்பு ஏணி இன்னும் இருக்கிறதா?

தங்கவேல் பெரியப்பா, 9:42
துருப்பிடித்துவிட்டது. ஏறாதே. மூங்கில் ஏணி எடுத்துவைக்கிறேன்.

அப்பா, 9:44
சரி. சனிக்கிழமை வேலை முடிய இரவு ஆகும். பார்க்கிறேன்.

தங்கவேல் பெரியப்பா, 9:44
எத்தனை மணி ஆனாலும் சரி.

கதிர், 9:45
அப்பா, ஆன்டெனா செங்குத்தாக நிற்க வேண்டும். கம்பி 8 சென்டிமீட்டர்தான், தொட்டிக் கம்பியைத் தொடாமல் ஓர் அடி தள்ளி

அப்பா, 9:46
தெரியும்டா.

செல்வி அத்தை, 9:50
சீர்த் தட்டு பதினொன்றா இருபத்தொன்றா, இன்னும் யாரும் சொல்லவில்லை.