ஈரம் காயாத எண்ணெய் ஓவியங்கள்: ஆலோசனை வேண்டும்

குழுவிலுள்ள ஓவிய நண்பர்களுக்கு வணக்கம். அடுத்த மாதம் கொழும்பு 7இலுள்ள லயனல் வென்ட் காட்சிக்கூடத்தில் எனது அரூப எண்ணெய் ஓவியங்கள் 14ஐக் காட்சிக்கு வைக்கவிருக்கிறேன். முன்கூட்டியே கோட்டுருவம் எதுவும் வரையாமல், ஒரு நிறத்தைப் பூசி, அது கேட்கும் அடுத்த நிறத்துக்காகச் சில நாட்கள் காத்திருந்து, மனதுக்கு ஒவ்வாததைக் கத்தியால் சுரண்டியெடுத்து மீண்டும் பூசுவதே என் வழக்கம் என்பதால், கடைசி மூன்று ஓவியங்களில் வண்ணம் மிகவும் தடித்துவிட்டது. அம்பர் என்னும் மண்பழுப்பு நிறம் பூசிய இடங்கள் விரைவாக இறுகிவிட்டன. டைட்டேனியம் வெள்ளையோ மூன்று வாரங்களாகியும் விரலில் ஒட்டுகிறது. வண்ணத்திலுள்ள ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல் ஆவியாவதில்லை, காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்தே இறுகுகிறது என்பதால், வெள்ளவத்தைக் கடற்காற்றை மட்டும் குறைசொல்ல முடியாது, அவசரப்பட்டவன் நான்தான்.

ஓவியங்களின் முகம் எதிலும் படாதவாறு இடைவெளி விட்டு மரப்பெட்டி செய்துதரக்கூடிய தச்சர் எவரையேனும் அறிவீர்களா? இறுதி வார்னிஷ் பூசுவதற்குக் குறைந்தது ஆறு மாதங்களாவது பொறுக்க வேண்டும் என்பதை அறிவேன். ஆனால், மங்கித் தெரியும் பகுதிகளுக்குத் தற்காலிக வார்னிஷை இவ்வளவு தடித்த பூச்சின்மீது பயன்படுத்தியவர்கள் இருந்தால், தங்கள் அனுபவத்தையும் அது கொழும்பில் கிடைக்கும் இடத்தையும் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.