இழை: ‘அண்டர்ஸ்டேபிள்’ வட்டுக்கு ஒரு சொல், வியாழனுக்குள்

பி.டி. வாத்தியார், காவேரிப்பட்டணம்:
வணக்கம். காலாண்டு விடுமுறை முகாமில் டிஸ்க் கால்ஃப் சொல்லித் தரப்போகிறேன்; பந்தை அடித்துக் குழியில் போடுவதற்குப் பதில், தட்டு மாதிரியான வட்டை வீசிக் கூடையில் போடும் ஆட்டம். அறுவடை முடிந்த மாந்தோப்பில் ஆட்டம். சங்கிலிக் கூடைக்குப் பதில் மரத்தில் கட்டிய டயர். துண்டறிக்கை வியாழன் காலை அச்சுக்குப் போகவேண்டும். குறுவீச்சு, இடைவீச்சு, நெடுவீச்சு என்று மூன்று வகை வட்டுக்கும் பெயர் வைத்துவிட்டேன். புதுப் பிள்ளைக்கு முதலில் கொடுக்கவேண்டியது இடைவீச்சில் ‘அண்டர்ஸ்டேபிள்’, அதாவது வேகமாகப் போகும்போதே ஒரு பக்கம் ஒதுங்கிவிடும் வட்டு. அதற்குத்தான் சொல் அகப்படவில்லை.

நேற்று 165 கிராம் வட்டு ஒன்றை வீசிப் பார்த்தேன். மேலே 5, 5, −3, 1 என்று இருக்கிறது: வேகம், மிதப்பு, திருப்பம் (வேகத்தில் ஒதுங்குவது), சரிவு (வேகம் தணிந்ததும் எதிர்ப்பக்கம் சாய்வது). வலக்கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து வீசினேன். மூன்றாவது மரம்வரை நேராகப் போய், வலப்பக்கம் ஒதுங்கி, வேகம் தணிந்ததும் கொஞ்சம் இடப்பக்கம் சரிந்து வரப்பில் உட்கார்ந்தது. ‘நிலைகுறை வட்டு’ சரியா?

தகடூரான், தருமபுரி:
தம்பி, முதலில் ‘வட்டு’ சரியா என்று பார்ப்போம். குறள் 401 ‘அரங்கின்றி வட்டாடியற்றே’ என்கிறது. நற்றிணை 3-ல் வேப்பமர நிழலில் அரங்கு கீறிச் சிறுவர்கள் நெல்லிக்காயையே வட்டாக வைத்து ஆடுகிறார்கள். நெல்லிக்காய் உருண்டை. தட்டையான பொருளுக்கு நம்மிடம் ‘தகடு’ இருக்கிறதே! நம் ஊரின் பழம்பெயரே தகடூர். அதியமான் ஔவைக்குக் கொடுத்ததும் நெல்லிக்கனி. வட்டு, நெல்லி, தகடு மூன்றும் ஒரே மண்ணில் வந்து சேர்வதை யோசித்துப் பாருங்கள்.

ஓசூர்க்காரி:
யோசித்தேன் ஐயா, ஒன்றும் சேரவில்லை. ‘பிள்ளைகள் தோப்பில் தகடு எறிகிறார்கள்’ என்று அச்சடித்தால் தோப்புக்காரர் பூசாரியைக் கூட்டிவந்துவிடுவார்.

பி.டி. வாத்தியார்:
அக்கா சொல்வது சரி. வட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘வட்டு எடுத்து வா’ என்றால் பையன் ஸ்டோர் ரூமிலிருந்து வட்டு எறிதலுக்கான ஒரு கிலோ இரும்பு விளிம்பு வட்டைத் தூக்கி வருகிறான். இருந்தாலும் சொல்லிப் பழக்கிவிடலாம். என் கேள்வி ‘அண்டர்ஸ்டேபிள்’ பற்றியது.

தமிழாசிரியர் (ஓய்வு), பாலக்கோடு:
வலப்பக்கம் திரும்புவதால் ‘வலம்புரி’. சங்குக்கு ஏற்கெனவே உள்ள சொல், மங்கலமானதும்கூட.

ஓசூர்க்காரி:
இடக்கைப் பிள்ளை அதே மாதிரி வீசினால் இடப்பக்கம் திரும்புமே ஐயா? வலக்கைக்காரரே பக்கவாட்டில் முன்கையால் வீசினாலும் சுழற்சி மாறி இடப்பக்கம்தான் போகும். திசையைப் பெயரில் வைக்கக்கூடாது.

‘நிலைகுறை’யும் எனக்குப் பிடிக்கவில்லை. குறை என்றதும் மட்டமான சரக்கு என்று நினைத்து எல்லாரும் அடுத்ததைக் கேட்பார்கள். நடப்பது நேர்மாறு. அந்த −3 நல்ல வேகத்தில் வீசுபவருக்கு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கைக்கு அவ்வளவு வேகம் வராது, அதனால் இந்த வட்டு அவள் கையில் பெரும்பாலும் நேராகவே போகும். திருப்பம் 0 உள்ள வட்டைக் கொடுத்தால் எடுத்த எடுப்பிலேயே இடப்பக்கம் சாய்ந்து விழும். விளிம்பில் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் கோடு தாழ்ந்திருந்தால் இந்த இயல்பு கூடும். எடை குறைந்தாலும், மரத்தில் மோதிமோதித் தேய்ந்தாலும் கூடும். எதிர்காற்றில் கேட்கவே வேண்டாம், ஒரேயடியாகப் புரண்டுவிடும். நான் சொல்வது ‘புரள்வட்டு’. எதிர்வகைக்கு ‘மீள்வட்டு’, நடுவில் ‘நேர்வட்டு’.

தகடூரான்:
புரளி, புரட்டு எல்லாம் அந்த வேரில் வந்தவைதானே அம்மா? குறை வேண்டாம் என்று பொய்யைக் கொண்டுவருகிறீர்கள். மேலும், வலம் போய் இடம் திரும்பும் உங்கள் புரள்வட்டும் கடைசியில் மீளத்தானே செய்கிறது?

ஓசூர்க்காரி:
சரியான கேள்வி. திருப்பமும் சரிவும் தனித்தனி எண்கள். இரண்டையும் ஒரு பெயருக்குள் அடைக்க முடியாது. எது தூக்கலாகத் தெரிகிறதோ அதை வைத்திருக்கிறேன். ‘புரட்சி’யும் அந்த வேர்தான், அதை யாரும் பொய் என்று சொல்லவில்லை.

தமிழாசிரியர் (ஓய்வு):
‘மறிவட்டு’ என்றால்? மறிதல், திரும்புதல்.

பி.டி. வாத்தியார்:
ஐயா, எங்கள் பக்கம் மறி என்றால் ஆடு.

(இதற்குப் பிறகு மறி ஆட்டுக்குட்டிக்கா, பெண்ணாட்டுக்கா என்று ஏழு மடல்கள் வந்தன. இந்த இழைக்கு அவை வேண்டியதில்லை.)

பி.டி. வாத்தியார், புதன் இரவு 10.40:
புரள்வட்டுக்கு ஐந்து பேர், அண்டர்ஸ்டேபிள் என்றே விடச் சொல்பவர்கள் மூவர், வலம்புரிக்கு ஒருவர், தகட்டுக்கு ஒருவர். ‘இடைவீச்சு புரள்வட்டு’ என்று போட்டு, கீழே சின்ன எழுத்தில் அண்டர்ஸ்டேபிள் என்றும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

தகடூரான்:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

தமிழாசிரியர் (ஓய்வு), வியாழன் பிற்பகல்:
இப்போதுதான் பார்த்தேன். வீச்சு வன்தொடர்க் குற்றியலுகரம். ‘இடைவீச்சுப் புரள்வட்டு’ என்று ஒற்று மிகவேண்டும். எத்தனை படி அடித்தாயிற்று?

பி.டி. வாத்தியார்:
இருநூறும், ஐயா.