மை போட்டதும் படம் செத்துப்போகுது, ஏன்?

கேள்வி:
சின்ன வயசுல படுத்த கட்டில ஞாபகத்துல இருந்து வரைஞ்சேன், கீழ கடல், கட்டில் கால் நாலும் துடுப்பு. பென்சில்ல நல்லாத்தான் இருந்துச்சு, மைல கோடு கோடா நிழல் போட்டு முடிச்சதும் கனவு மாதிரி இருந்தது கரிமூட்டை மாதிரி ஆயிடுச்சு. எங்க சொதப்புறேன்?

பதில்:
முழுசா நிரப்பிட்டீங்க, அதான். ஞாபகம்னாலே பாதி அழிஞ்சதுதானே, பேப்பர்லயும் பாதிய வெள்ளையா விடுங்க. கடலுக்கு நாலு அலைக்கோடு போதும், மிச்சத்த பாக்குறவங்க கண்ணே போட்டுக்கும். குறுக்குக்கோடு போடுறப்ப முதல் அடுக்கு காயட்டும், ஈரத்துல இழுத்தா கோடு வெட்டுற இடமெல்லாம் மை தேங்கி திட்டுத்திட்டா கறுத்துடும்.

பதில்:
பேனா என்ன சைஸ்? எல்லாத்தையும் 0.5 மி.மீ. முனையிலயே இழுத்தா தட்டையாத்தான் இருக்கும், தூரத்துல இருக்கறதுக்கு 0.1 எடுங்க. அப்புறம் இந்தியன் இங்க்க (படம் வரையுற கறுப்பு மை) ஃபவுண்டன் பேனால ஊத்திடாதீங்க, அதுல பெரும்பாலும் அரக்கு இருக்கும், காஞ்சு அடைச்சுக்கும் (ஒரு நல்ல பேனா அப்படித்தான் போச்சு எனக்கு). அது தொட்டு வரையுற நிப்புக்குத்தான்.

கேட்டவர்:
ஆமாங்க, எல்லாமே 0.5 தான் 😅 தலகாணிய மட்டும் தொடாம வெள்ளையா விட்டு மறுபடி வரைஞ்சேன், இப்ப அது தண்ணில மிதக்குற நிலா மாதிரி தெரியுது, நான் அப்படி நினைக்கவே இல்ல.